மேக்குக்கும் விண்டோஸுக்கும் ஒரே ஹார்டு டிஸ்க்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

திருப்பூரில் பையர் அனுப்பும் ஆர்ட்வொர்க்கை டிசைனர் மேக்கில் திறப்பார். பேட்டர்ன், மார்க்கர் வேலையெல்லாம் பக்கத்து அறையில் விண்டோஸில் நடக்கும். கோபியில் முகூர்த்தம் எடுக்கிற ஸ்டுடியோக்காரர் மேக்கில் எடிட் செய்வார், ஆல்பத்துக்குக் கோயம்புத்தூர் லேபுக்கு டிஸ்க்கைக் கொடுத்தனுப்புவார், அங்கே இருப்பதும் விண்டோஸ்தான். இப்படி இரண்டுக்கும் நடுவில் அலைகிற டிஸ்க்கைத்தான் ஆவணி, தை மாதங்களில் "போயிருச்சுங்க" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் டிஸ்க் போயிருக்காது. ஃபார்மேட் என்பது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை. ஒரு கம்ப்யூட்டருக்குப் புரிகிற ஃபார்மேட் இன்னொன்றுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் வருகிறவர்கள் சொல்லும் புகார். உங்கள் புகார் எதுவோ அங்கே போய்விடலாம். அதற்கு முன் ஒன்று: ஃபார்மேட், எரேஸ், இனிஷியலைஸ் என்ற மூன்று பட்டன்களும் உள்ளே இருப்பதைத் துடைத்துவிடும். டேட்டா இருக்கும்படியே என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபார்மேட்) டிஸ்க்கை எக்ஸ்ஃபாட் (இரண்டிலும் ஓடும் ஃபார்மேட்) ஆக மாற்றித்தரும் வசதி மேக்கிலும் கிடையாது, விண்டோஸிலும் கிடையாது. வேறு இடத்தில் காப்பி எடுத்து, அந்தக் காப்பியிலிருந்து நாலு ஃபைலையாவது திறந்து பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

"மேக்ல ஃபைலெல்லாம் தெரியுதுங்க, பேஸ்ட் மட்டும் ஆக மாட்டீங்குது"

அதிகம் வருவது இதுதான். டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்கிறது. அது விண்டோஸின் சொந்த ஃபார்மேட். மேக் அதைப் படிக்கும், எழுதாது. உறுதி செய்ய டெஸ்க்டாப்பில் டிஸ்க் ஐகானை ஒருமுறை க்ளிக் செய்து கமாண்ட், ஐ இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் ஜன்னலில் ஃபார்மேட் என்ற வரியில் என்டிஎஃப்எஸ் என்றோ விண்டோஸ் என்டி ஃபைல் சிஸ்டம் என்றோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். கடையில் வாங்கும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்குகளில் பல இந்த ஃபார்மேட்டில்தான் வருகின்றன.

டிஸ்க் உங்களுடையது என்றால் எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் 2006இல் கொண்டுவந்த ஃபார்மேட் இது. மேக் 10.6.5 பதிப்பிலிருந்து, அதாவது 2010இலிருந்து, மேக்கும் இதில் படிக்கிறது, எழுதுகிறது. இன்றைக்குப் பயன்பாட்டில் இருக்கும் எந்த மேக்கும் எந்த விண்டோஸும் இதற்குத் தனி சாஃப்ட்வேர் கேட்காது.

டிஸ்க் வேறொருவருடையது, அழிக்க முடியாது என்றால் மேக்கில் என்டிஎஃப்எஸ் எழுதவைக்கும் சாஃப்ட்வேர் காசுக்குக் கிடைக்கிறது. பாராகான், டக்செரா இரண்டும் தெரிந்த பெயர்கள். டெர்மினலில் நாலு வரி அடித்தால் இலவசமாக எழுதலாம் என்று யூட்யூபில் சொல்வதைக் கல்யாண ஃபுட்டேஜ் இருக்கும் டிஸ்க்கில் பரீட்சை செய்ய வேண்டாம். அந்த முகூர்த்தத்தை மறுபடி எடுக்க முடியாது.

மேக்கில் ஃபார்மேட் செய்யும் முறையைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். டிஸ்க் யூட்டிலிட்டியைத் திறங்கள். இடதுபுறம் எக்ஸ்டெர்னல் என்பதன் கீழ் நீங்கள் வைத்த பெயர் மட்டும் ஒற்றை வரியாகத் தெரியும். அதைத் தொட்டு உடனே எரேஸ் கொடுத்துவிடாதீர்கள். மேலே வியூ மெனுவில் 'ஷோ ஆல் டிவைசஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது அதே இடத்தில் வரிகள் கூடும். மேலே கம்பெனி பெயரும் மாடலும் இருக்கும் வரி, அதற்குக் கீழே கொஞ்சம் உள்தள்ளி நீங்கள் வைத்த பெயர். மேல் வரிதான் முழு டிஸ்க், கீழ் வரி அதற்குள் இருக்கும் ஒரு அறை. மேல் வரியைத் தேர்ந்தெடுத்து எரேஸ் அழுத்தினால் பெயர், ஃபார்மேட், ஸ்கீம் என்று மூன்று கட்டங்கள் வரும். ஸ்கீம் என்பது டிஸ்க்கில் எந்த அறை எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரைபடம். கீழ் வரியைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கீம் கட்டமே வராது. ஸ்கீம் வரவில்லை என்றால் தப்பான வரியில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஃபார்மேட்டில் எக்ஸ்ஃபாட், ஸ்கீமில் 'ஜியூஐடி பார்ட்டிஷன் மேப்'. பெயரை ஆங்கிலத்தில், 11 எழுத்துக்குள் வையுங்கள், எக்ஸ்ஃபாட் அதற்கு மேல் ஏற்காது. எரேஸ் அழுத்துவதற்கு முன் வலதுபக்கம் காட்டும் கொள்ளளவை ஒருமுறை பாருங்கள். டேபிளில் இரண்டு டிஸ்க் செருகியிருக்கும்போது இந்த ஒரு பார்வை பெரிய நஷ்டத்தைத் தடுக்கும்.

விண்டோஸில் செய்வதென்றால் சுலபம். திஸ் பிசியில் டிரைவை ரைட் க்ளிக், ஃபார்மேட், எக்ஸ்ஃபாட், க்விக் ஃபார்மேட்டில் டிக். அலோகேஷன் யூனிட் சைஸ் என்ற கட்டத்தை மாற்றாமல் அப்படியே விடுங்கள். பெரியதாக வைத்தால் வேகம் கூடும் என்று நினைத்து 1024 கிலோபைட்டுக்கு மேல் போனால் மேக் அந்த டிஸ்க்கை ஏற்காமல் போகலாம்.

"விண்டோஸ்ல போட்டா ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குதுங்க"

பண்ண வேண்டாம். கேன்சல் கொடுத்து வெளியே வாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, டிஸ்க் மேக்கின் சொந்த ஃபார்மேட்டில் இருக்கிறது: ஏபிஎஃப்எஸ் அல்லது மேக் ஓஎஸ் எக்ஸ்டெண்டட். விண்டோஸுக்கு இரண்டுமே தெரியாது. சில நேரம் ஃபார்மேட் கேட்கும், பல நேரம் டிரைவையே காட்டாது. இரண்டு, டிஸ்க் எக்ஸ்ஃபாட்தான், ஆனால் சரியாக எஜெக்ட் செய்யாமல் பிடுங்கியதில் அதன் கணக்குப் புத்தகம் கெட்டுப்போயிருக்கிறது.

எது என்று கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. ஏதாவது ஒரு மேக்கில் செருகிப் பாருங்கள். அங்கே ஃபைல்கள் திறந்தால் முதல் காரணம். வேண்டியதை மேக்கிலேயே காப்பி எடுத்துவிட்டு மேலே சொன்னபடி எக்ஸ்ஃபாட் ஆக்கிக்கொள்ளலாம். லேபில் இருப்பவர் அவசரப்படுகிறார், அருகில் மேக் இல்லை என்றால் விண்டோஸில் மேக் டிஸ்க்கைப் படிக்கவைக்கும் மேக்டிரைவ் போன்ற சாஃப்ட்வேர் உண்டு.

மேக்கிலும் திறக்கவில்லை, 'இந்தக் கம்ப்யூட்டரால் படிக்க முடியவில்லை' என்று எஜெக்ட், இக்னோர், இனிஷியலைஸ் என்று பட்டன்கள் வருகின்றன என்றால் இனிஷியலைஸைத் தொடாதீர்கள். அந்த டிஸ்க்கில் ஒரு பைட் கூடப் புதிதாக எழுதாமல் ரெக்கவரிக்குக் கொண்டுபோங்கள். தெரியாமல் க்விக் ஃபார்மேட் கொடுத்துவிட்டவர்களுக்கும் இதே பதில்தான். க்விக் ஃபார்மேட் பொருளடக்கத்தை மட்டும்தான் துடைக்கும், மேலே புதிதாக எழுதாதவரை உள்ளே இருப்பதில் பெரும்பகுதியை மீட்க வாய்ப்பு உண்டு. டிக்கை எடுத்துவிட்டு விண்டோஸில் முழு ஃபார்மேட் ஓடவிட்டிருந்தால் டிஸ்க் முழுக்க பூஜ்யம் எழுதியிருக்கும். அங்கே செய்வதற்கு எதுவுமில்லை.

பிட்லாக்கர் (விண்டோஸின் பாஸ்வேர்டு பூட்டு) போட்ட டிஸ்க்கும் மேக்கில் இதே செய்தியைத்தான் காட்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் பயன்படுத்திய டிஸ்க் என்றால் ரெக்கவரிக்கு ஓடுவதற்கு முன் அந்த விண்டோஸிலேயே செருகி, பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள்.

"எக்ஸ்ஃபாட்தானுங்க போட்டேன், இருந்தும் விண்டோஸ்ல காட்டலை"

விண்டோஸில் ஸ்டார்ட் பட்டனை ரைட் க்ளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். கீழ்ப் பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று பட்டை பட்டையாக வரும். உங்கள் டிஸ்க்கின் பட்டையில் 200 எம்பி அளவில் ஈஎஃப்ஐ என்று ஒரு சின்னத் துண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், மேக் எப்போதும் அப்படி ஒன்றை ஒதுக்கும். அதற்கு அடுத்த பெரிய துண்டைப் பாருங்கள்.

பெரிய துண்டில் எக்ஸ்ஃபாட் என்று இருக்கிறது, ஆனால் ஈ, எஃப் போன்ற எழுத்து இல்லை என்றால் டிரைவ் லெட்டர்தான் பாக்கி. அதன் மேல் ரைட் க்ளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' கொடுத்து காலியான ஒரு எழுத்தைக் கொடுங்கள். நெட்வொர்க் டிரைவ் நிறைய மேப் செய்திருக்கும் கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி வரும்.

துண்டே பிரியாமல் முழுதும் 'அன்அலோகேட்டட்' என்றோ, 'இனிஷியலைஸ் செய்யவா' என்றோ வந்தால் ஸ்கீம் தப்பு. மேக்கில் ஃபார்மேட் செய்தவர் 'ஆப்பிள் பார்ட்டிஷன் மேப்' என்பதை வைத்திருப்பார், அல்லது பழைய மேக் டிஸ்க்கில் கீழ் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து எரேஸ் செய்திருப்பார். உள்ளே இருப்பது எக்ஸ்ஃபாட்டாகவே இருந்தாலும் வெளியே இருக்கும் மேப் புரியாததால் விண்டோஸ் உள்ளே நுழையவே முடியாது. மறுபடி மேக்கில் செருகி, காப்பி எடுத்து, மேல் வரியைத் தேர்ந்தெடுத்து, ஜியூஐடி.

4 டிபி டிஸ்க் வாங்கினால் 2 டிபி மட்டும் காட்டுகிறது என்பதும் ஸ்கீம் விவகாரமே. எம்பிஆர் என்ற பழைய ஸ்கீம் சாதாரணமாக 2 டிபிக்கு மேல் கணக்குப் பார்க்காது. 1 டிபி டிஸ்க் மேக்கில் 1 டிபி, விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது மட்டும் கோளாறே இல்லை. மேக் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. 69 ஜிபியைக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை.

"சின்ன ஃபைலெல்லாம் ஏறுதுங்க, வீடியோ மட்டும் ஏற மாட்டீங்குது"

டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கும். இருந்தும் 'ஃபைல் பெரியது' என்று சொல்லும். ஃபேட் 32 ஃபார்மேட். ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட்டாலே அதில் ஏறாது. எக்ஸ்ஃபாட்டுக்கு மாறினால் சரியாகிவிடும்.

ஆனால் எல்லாப் பென்டிரைவையும் எக்ஸ்ஃபாட் ஆக்கிவிடாதீர்கள். திருப்பூரில் எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் கொண்டுபோகும் பென்டிரைவை ஆர்வத்தில் எக்ஸ்ஃபாட் ஆக்கினால், மெஷின் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். பழைய டிவி, கார் ஸ்டீரியோவும் அப்படியே. அவற்றில் பலவற்றுக்கு ஃபேட் 32தான் தெரியும். மெஷினுக்கென்று 8 ஜிபியோ 16 ஜிபியோ சின்னதாக ஒன்று ஃபேட் 32 ஆக வைத்து, அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, மேக்கின் பக்கமே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. மேக்கில் செருகினால் அது தன் பங்குக்குக் கண்ணுக்குத் தெரியாத ஃபைல்களை எழுதிவைக்கும், மெஷின் திரையில் அவையும் டிசைன் போலப் பட்டியலில் வந்து நிற்கும்.

"புள்ளி போட்ட பேர்ல என்னென்னமோ ஃபைல் இருக்குதுங்க, வைரஸா?"

வைரஸ் இல்லை. புள்ளியும் அண்டர்ஸ்கோரும் போட்டு, உங்கள் ஃபைலின் பெயரையே கொண்டிருப்பது மேக் எழுதும் துணை ஃபைல். எக்ஸ்ஃபாட்டில் மேக்குக்கு வேண்டிய கூடுதல் விவரங்களை வைக்க இடமில்லாததால் தனி ஃபைலாக எழுதிவைக்கிறது. விண்டோஸில் அழித்தால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. லேபுக்கு அனுப்பும்போது 'ஆயிரம் போட்டோன்னு சொன்னீங்க, இரண்டாயிரம் இருக்குது, பாதி திறக்கலை' என்று ஃபோன் வந்தால் இதுதான் கதை. உண்மையான ஃபைல்கள் பெரிதாக இருக்கும், இவை சில கிலோபைட்தான்.

அந்தச் சில கிலோபைட்டும் டிஸ்க்கில் அதிக இடம் பிடிக்கும் என்பதையும் கவனியுங்கள். பெரிய எக்ஸ்ஃபாட் டிஸ்க்குக்கு விண்டோஸ் வழக்கமாக 128 கிலோபைட் துண்டுகளாக இடம் ஒதுக்குகிறது, எவ்வளவு சின்ன ஃபைலானாலும் ஒரு முழுத் துண்டு போகும். ஆயிரக்கணக்கில் சின்ன ஃபைல் இருந்தால் ஜிப் செய்து கொண்டுபோங்கள். காப்பியும் வேகமாக ஆகும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: மேக்கில் பாதியை அழித்தும் விண்டோஸில் டிஸ்க் நிரம்பியே காட்டும். மேக்கில் அழித்தவை அந்த டிஸ்க்கிலேயே மறைந்திருக்கும் குப்பைக்கூடைக்குத்தான் போகும். டிஸ்க் செருகியிருக்கும்போதே மேக்கின் ட்ராஷைக் காலி செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

"மேக்ல செருகுனா லைட் மட்டும் எரியுது, டிஸ்க் வரலை"

நேற்று யாராவது எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினார்களா என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். எக்ஸ்ஃபாட்டில் ஜர்னல் கிடையாது. என்டிஎஃப்எஸ்ஸும் மேக்கின் ஃபார்மேட்டுகளும் பாதி வேலையில் நின்றாலும் எங்கே நின்றோம் என்று தெரிந்துகொண்டு சமாளிக்கும், எக்ஸ்ஃபாட்டால் அது முடியாது. அதனால் அடுத்தமுறை செருகும்போது மேக் முழு டிஸ்க்கையும் சத்தமில்லாமல் சரிபார்க்கத் தொடங்குகிறது. முடியும்வரை ஐகான் வராது. பெரிய டிஸ்க்கில் இதற்கு நெடுநேரம் ஆகலாம்.

ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து எஃப்எஸ்சிகே என்று தொடங்கும் பெயர் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் விட்டுவிட்டு டீ குடித்து வாருங்கள். பொறுமையில்லை என்றால் டிஸ்க்கை விண்டோஸுக்குக் கொண்டுபோய், டிரைவை ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக் கொடுங்கள். எக்ஸ்ஃபாட் பிழைகளை விண்டோஸ் திருத்தும் அளவுக்கு மேக் திருத்துவதில்லை என்பது என் அனுபவம். விண்டோஸ் 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று தானாகக் கேட்டாலும் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரே காப்பி மட்டும் இருக்கும் டிஸ்க் என்றால் முதலில் படிக்க முடிகிறதைக் காப்பி எடுத்துவிடுங்கள்.

அந்தப் பெயர் எதுவும் ஓடவில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். ஆப்பிள் சிப் இருக்கும் மேக் லேப்டாப்புகளில், 2022இல் வந்த வென்ச்சுரா முதல், புதிய யுஎஸ்பி சாமானைச் செருகினால் 'அனுமதிக்கலாமா' என்று ஒரு கேள்வி வரும். அதில் வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் சார்ஜ் மட்டும் ஏறும். கழற்றிச் செருகி, கேள்வி வரும்போது அலவ் கொடுங்கள்.

அதுவும் இல்லை என்றால் கேபிள், ஹப். ஃபோன் சார்ஜருடன் வந்த டைப் சி கேபிள் சிலவற்றில் டேட்டாவே போகாது. சுழலும் ஹார்டு டிஸ்க்கைக் கரன்ட் தனியாக எடுக்காத மலிவு ஹப்பில் மாட்டினால் டிக் டிக் என்று சத்தம் வந்து நின்றுவிடும். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. நேரடியாகக் கம்ப்யூட்டரில் மாட்டிய பிறகும் டிக் டிக் தொடர்ந்தால் அது ஃபார்மேட் பிரச்சினை இல்லை, டிஸ்க்கின் உள்ளே டேட்டாவைப் படிக்கும் ஹெட் போகிற சத்தம். உடனே கழற்றுங்கள்.

"நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு விண்டோஸ்ல வரலை"

மேக்கில் டிஸ்க்கைச் செருகியபோது 'டைம் மெஷின் பேக்கப்புக்குப் பயன்படுத்தவா' என்று கேட்டிருக்கும், யாரோ சரி என்றிருப்பார்கள். டைம் மெஷின் எக்ஸ்ஃபாட்டில் ஓடாது. அழித்துத் தன் ஃபார்மேட்டுக்கு மாற்றிக்கொள்ளும். அழிக்கப்போகிறேன் என்று எச்சரிக்கவும் செய்யும், ஆனால் முகூர்த்த நாள் அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

இதனால்தான் ஸ்டுடியோக்காரர்களிடம் எப்போதும் சொல்வது: எக்ஸ்ஃபாட் டிஸ்க் சந்தைக்குப் போகிற வண்டி, அதைக் குடோனாக வைக்காதீர்கள். ஃபைனல் கட் லைப்ரரி, ஃபோட்டோஸ் லைப்ரரி இரண்டையும் ஏபிஎஃப்எஸ் டிஸ்க்கில் வைத்து, லேபுக்குப் போக வேண்டியதை மட்டும் எக்ஸ்ஃபாட்டுக்குக் காப்பி செய்யுங்கள். ஒரே டிஸ்க்தான் இருக்கிறது என்றால் டிஸ்க் யூட்டிலிட்டியில் அதை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து ஒன்றை ஏபிஎஃப்எஸ், மற்றொன்றை எக்ஸ்ஃபாட் ஆக வைக்கலாம். ஆனால் டிஸ்க் விழுந்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

"ஃபார்மேட்டே ஆக மாட்டீங்குதுங்க"

மேக்கில் மைனஸ் 69888 என்ற எண்ணோடு 'அன்மவுன்ட் செய்ய முடியவில்லை' என்று வந்தால் ஏதோ ஒரு ப்ரோக்ராம் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. திறந்திருப்பதை எல்லாம் மூடி, டிஸ்க்கைக் கழற்றிச் செருகி, ஐகான் வந்தவுடன் மேக்கின் தேடல் வசதியான ஸ்பாட்லைட் அதை நோண்டத் தொடங்குவதற்குள் எரேஸ் கொடுங்கள். எஸ்டி கார்டு என்றால் பக்கவாட்டில் இருக்கும் சின்ன லாக் கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு நாள் முழுக்க சாஃப்ட்வேரில் தேடிவிட்டு அந்த லாக்கைத் தள்ளிவிட்டுப் போனவர்கள் உண்டு.

விண்டோஸில் பழைய மேக் டிஸ்க்கின் 200 எம்பி துண்டு மட்டும் அழிய மறுக்கும், 'டிலீட் வால்யூம்' மங்கலாகவே இருக்கும். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து டிஸ்க்பார்ட், பிறகு லிஸ்ட் டிஸ்க், பிறகு செலக்ட் டிஸ்க் என்று உங்கள் டிஸ்க்கின் எண், கடைசியாக க்ளீன். எல்லாம் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியவை. லிஸ்ட்டில் வரும் அளவைப் பார்த்து எண்ணை உறுதி செய்யாமல் க்ளீன் அடிக்கக் கூடாது. அது 'நிச்சயமா' என்று ஒரு தடவை கூடக் கேட்காது, டிஸ்க் 0 பெரும்பாலும் உங்கள் சி டிரைவ் இருக்கும் டிஸ்க். முடிந்ததும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஜிபிடி (மேக்கில் ஜியூஐடி என்று பார்த்த அதே ஸ்கீம்) ஆக இனிஷியலைஸ் செய்து புதிய வால்யூம் போடுங்கள். அங்கே எக்ஸ்ஃபாட் காட்டாவிட்டால் என்டிஎஃப்எஸ் ஆக உருவாக்கிவிட்டு, திஸ் பிசியில் மறுபடி எக்ஸ்ஃபாட் ஆக ஃபார்மேட் செய்தால் போதும்.

"காப்பி ஆகுதுங்க, ஆனா திறந்தா ஒண்ணுமே இல்லை"

ஐநூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் வாங்கியவர்களுக்கான பகுதி. உள்ளே இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோதான், 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் சிப்பை மாற்றியிருப்பார்கள். உண்மையான அளவு நிரம்பும்வரை ஒழுங்காக ஓடும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது முதலில் எழுதியதன் மேலேயே எழுதும். எந்த ஃபார்மேட் போட்டாலும் தீராது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 என்ற இலவச ப்ரோக்ராம்கள் டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். வாங்கிய அன்றைக்கே ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள், பொய் என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடலாம்.